கீச்சிடும் பெல்ட்



பொழுது புலர்ந்தும் புலராத வேளை. மும்பை மாதுங்காவிலோ, டில்லி கரோல்பாக்கிலோ, கொல்கத்தா லேக் மார்க்கெட்டுக்கு அருகிலோ ஒரு குடியிருப்பு. ஒரு வீட்டில் காப்பி டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே நிற்கும் பழைய கார் ஒன்றில் ஒருவர் ஏறி அமர்ந்து சாவியைத் திருப்புகிறார். யந்திரம் உயிர் பெறுகிறது. கூடவே, கேட்பவர் பல் கூசும்படி நீண்ட கீச்சொலி ஒன்றும் கிளம்புகிறது. மாடி ஜன்னல் ஒன்று திறக்கிறது. கார்க்காரர் நாணித் தலையைக் குனிந்துகொள்கிறார். அரை நிமிஷத்தில் ஒலி அடங்க, அவரும் புறப்பட்டுப் போகிறார். மறுநாள் காலையில் மீண்டும் அதே கச்சேரி.

இந்தக் கீச்சொலியே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இத்தனை சிறிய விஷயத்தைப் பற்றிப் பேசவும் வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் பிற மாநிலங்களில் வாழும் நமக்குக் கார் என்பது அலுவலகம் போய்வரும் வாகனம் மட்டுமன்று. கோடை விடுமுறைக்கும், குலதெய்வ வழிபாட்டுக்கும், கல்யாணம் காட்சிகளுக்கும், பெற்றோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் சொந்த ஊர் நோக்கிச் செல்லும் துணையும் அதுவே. அந்தத் துணை நடுவழியில் நின்றுவிட்டால் படும் பாட்டை, பட்டவர்களே அறிவர். அப்படி நிற்பதற்குமுன் அது பல நாள் நமக்குச் சொல்லி வந்திருக்கும் செய்திகளுள் ஒன்று, இந்தக் கீச்சொலி.

பழைய கார் என்றதும் நம் நினைவுக்கு வருபவை சில. உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம்வரை உருவான அம்பாஸடர் ஒன்று. மும்பை குர்லாவில் பிறந்து, 2023 அக்டோபர் இறுதிவரை அந்நகரின் டாக்ஸியாகவும் ஓடிய பத்மினி மற்றொன்று. குர்காவ்ன் தொழிற்சாலையிலிருந்து 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800 மூன்றாவது. இவற்றைக் கண்ணாகப் பேணி வைத்திருப்போர் இன்றும் உளர். இவற்றுக்குப் பின் வந்த கார்களிலும் பல, பதினைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டன. பெயரும் அமைப்பும் வேறுபடினும், பெல்ட்டின் தர்மம் எல்லாவற்றிலும் ஒன்றே.

காரின் பானட்டைத் திறந்து, யந்திரத்தின் முகப்பைச் சற்று உற்றுப் பாருங்கள். கீழே ஒரு சக்கரம் தெரியும். ஒர்க் ஷாப்பில் அதைப் புல்லி என்பார்கள். நாம் கப்பி என்போம். யந்திரத்தின் முதுகெலும்பாகிய கிராங்க் தண்டு அந்தக் கப்பியைச் சுழற்றுகிறது. அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் மேலேறி, தண்ணீர்ப் பம்பின் கப்பியையும், மின்சாரம் உண்டாக்கும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரின் கப்பியையும் சுற்றித் திரும்புகிறது. அம்பாஸடர், பத்மினி போன்ற வண்டிகளில் ரேடியேட்டர் விசிறியும் இதே பெல்ட்டால் சுழல்வது. அதனாலேயே இதற்கு ‘ஃபேன் பெல்ட்’ என்ற பெயர் நிலைத்தது. மாருதி 800-இல் விசிறிக்குத் தனி மின்மோட்டார் உண்டு. ஆயினும் தண்ணீர்ப் பம்பும் ஆல்டர்னேட்டரும் பெல்ட்டை நம்பியே வாழ்கின்றன. ஏ.ஸி. பொருத்திய வண்டியாயின் அதற்கெனப் பெரும்பாலும் தனி பெல்ட் ஒன்று இருக்கும். ஆக, யந்திரத்தின் சூட்டைத் தணிப்பதும், பாட்டரிக்கு உணவூட்டுவதும் இந்த ஒரு ரப்பர் வளையத்தின் பொறுப்பு.

பழைய வண்டிகளின் பெல்ட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், அது ஓர் ஆப்பைப்போல் மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். கப்பியின் பள்ளமும் அவ்வாறே அமைந்தது. ஆப்பு மரப்பிளவில் இறுகுவதுபோல, பெல்ட்டின் இரு பக்கச் சுவர்களும் பள்ளத்தின் இரு சுவர்களை இறுகப் பற்றுகின்றன. பெல்ட்டின் அடிப்புறம் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது. தொடுமாயின், பக்கங்கள் தேய்ந்து பெல்ட் உள்ளே அமிழ்ந்துவிட்டது என்று பொருள். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கவே செய்யும்.

வழுக்குவதற்கும் கீச்சிடுவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வயலின் வித்வான் வில்லைத் தந்தியின்மேல் இழுக்கிறார். வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது. பிறகு தந்தி நழுவி விடுபடுகிறது. மீண்டும் வில் அதைப் பற்றுகிறது. ஒரு விநாடியில் பல நூறு முறை இவ்வாறு பற்றலும் நழுவலும் மாறி மாறி நிகழ்வதால் தந்தி அதிர்ந்து நாதம் பிறக்கிறது. கரும்பலகையில் சாக்குக்கட்டி கிறீச்சிடுவதும் இக்காரணத்தாலேயே. கப்பியைப் பற்றவும் முடியாமல், முற்றிலும் விட்டுவிடவும் முடியாமல் பெல்ட் தவிக்கும்போது எழும் ஒலியும் அத்தகையதே. நாதம் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இலக்கணம் ஒன்றுதான்.

இந்த வழுக்கல் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் கப்பியிலேயே தொடங்கும். கப்பிகளுள் அதுவே சிறியது. ஆகவே பெல்ட் அதைத் தழுவும் பரப்பும் குறைவு. ஆனால் அது கேட்கும் உழைப்போ அதிகம். 14 வோல்ட்டில் 40 ஆம்பியர் மின்னோட்டம் தரும்போது, 560 வாட் சக்தி வெளிவருகிறது. இடையில் நேரும் இழப்புகளையும் சேர்த்தால், அதைச் சுழற்ற ஒரு குதிரைச் சக்திக்கு மேலேயே வேண்டியிருக்கும். இவ்வளவு பளுவை அந்தச் சிறு கப்பியின்மேல், ஒரு விரல் அகலமும் இல்லாத பெல்ட் ஏற்றிச் செல்கிறது. பிடி சற்றே தளர்ந்தாலும் குரல் எழும்புவதில் வியப்பென்ன?

இனி, நமக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். 1998-ஆம் ஆண்டு மே மாதம். மும்பையிலிருந்து ஊருக்குப் புறப்பட எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. நம் பழைய காரின் பெல்ட்டோ இரண்டு வாரமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. பிரயாணத்துக்கு முந்தின நாள் மாலை, வழியில் தென்பட்ட ஓர் ஒர்க் ஷாப்பில் வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்தவர் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பி, பெல்ட்டை வீணைத் தந்திபோல் விறைப்பாக்கி விட்டார். ஐந்து நிமிஷ வேலை. ஒலி அடியோடு நின்றது. ‘இதற்கா இத்தனை நாள் தயங்கினோம்!’ என்று மகிழ்ந்து, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் புனாவைக் கடந்து, சதாராவுக்கு முன்னுள்ள கம்பட்கி மலைப்பாதையில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. அந்நாளில் அது நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை, இன்று 48. உச்சி வெயில், வண்டி நிறையப் பாரம். முன்புறத்தில் கரகரவென்று ஏதோ அரைபடுவதுபோன்ற சப்தம் கேட்டது. சூடு காட்டும் முள் மேலேறத் தொடங்கியது. ஓரங்கட்டி நிறுத்தி, யந்திரத்தை அணைத்துப் பார்த்தால், தண்ணீர்ப் பம்பின் பேரிங் உடைந்து, கப்பி தலைசாய்ந்து நின்றது. ரேடியேட்டர்த் தண்ணீர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. வயது முதிர்ந்த தாயாரைச் சாலையோர மரநிழலில் அமர்த்திவிட்டு, லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடிப் போனோம். வண்டி மீண்டும் நகர மாலை ஆறு மணியாயிற்று.

பம்பைக் கழற்றிய முதிய மெக்கானிக், அதன் அடியிலிருந்த சிறு துவாரத்தையும், அதிலிருந்து வழிந்து காய்ந்திருந்த துருக்கோட்டையும் விரலால் தொட்டுக் காட்டினார். பம்பின் ஸீல் பழுதாகிப் பல நாள் ஆகியிருந்தது. கசிந்த தண்ணீர் பெல்ட்டில் பட்டு அதை வழுக்கச் செய்தது. வழுக்கிய பெல்ட் கீச்சிட்டது. அதாவது, ‘பம்பு கசிகிறது’ என்று பெல்ட் இரண்டு வாரமாக நமக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நாமோ, காரணத்தைக் கேளாமல் சாட்சியின் வாயைக் கட்டினோம். அளவுக்கு மிஞ்சி இறுக்கிய பெல்ட், ஏற்கெனவே நலிந்திருந்த பேரிங்கைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து ஒரே நாளில் முடித்துவிட்டது. அன்று கற்ற பாடத்தையே இன்று தங்கள்முன் வைக்கிறோம். கீச்சொலியை அடக்குவது வேறு. அதன் காரணத்தைக் கண்டறிவது வேறு.

காரணத்தைக் காண, முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ‘ஒலி எப்போது எழுகிறது?’ என்பது. இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். நான்கைந்து நாள் கவனமும், குறித்துக்கொள்ள ஒரு துண்டுக் காகிதமும் போதும்.

காலையில் மட்டும் எழுந்து, சில விநாடியில் அடங்குகிறதா? மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர்வரை காற்றெல்லாம் ஈரம். டில்லியில் மார்கழி, தை மாதங்களில் இரவுப் பனி வண்டியை நனைத்துவிடும். குளிரில் ரப்பரும் விறைத்துப் போகும். ஈரம் உலரும்வரை பெல்ட் முனகுவது அவ்வளவு கவலைக்குரியதன்று. ஆனால் அந்த முனகல் நாளுக்கு நாள் நீளுமாயின் இரண்டு சந்தேகங்கள் உண்டு: ஒன்று, பெல்ட் தளர்ந்திருக்கலாம், மற்றொன்று, பாட்டரி நலிந்திருக்கலாம். வலுவிழந்த பாட்டரி, ஸ்டார்ட் செய்ததும் ஆல்டர்னேட்டரிடம் அதிக மின்சாரத்தை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சுமையைத் தாங்க மாட்டாமல் பெல்ட் கதறும். பாட்டரிக்கு வைத்தியம் தேவைப்படும் இடத்தில் பெல்ட்டை இறுக்கிப் பயன் என்ன?

இரவில் முன்விளக்கு, துடைப்பான், காற்றூதி மூன்றையும் ஒருசேரப் போட்டதும் ஒலி எழுகிறதா? அது மின்சுமையால் வரும் வழுக்கல். ஏ.ஸி.யைப் போட்டதும் எழுந்து, நிறுத்தியதும் அடங்குகிறதா? ஏ.ஸி. பெல்ட்டைப் பாருங்கள். பவர் ஸ்டீரிங் உள்ள வண்டியில் சக்கரத்தை முழுதும் ஒடிக்கும்போது எழுகிறதா? அதன் பம்பை ஓட்டும் பெல்ட்டைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரைத் திடீரென அழுத்தும்போது மட்டும் கத்துகிறதா? பெல்ட் தளர்ந்தோ வழவழத்தோ இருக்கவேண்டும். எந்நேரமும், எச்சுமையிலும் ஒரேபடியாக ஒலிக்கிறதா? அங்குதான் பேரிங்கின்மேல் ஐயம் கொள்ளவேண்டும்.

இரண்டாவது கேள்வி, ‘ஒலி எத்தகையது?’ என்பது. நீண்ட ஒரே இழுப்பாகக் கீச்சிட்டால் அது வழுக்கல். சிட்டுக்குருவிபோல் விட்டு விட்டுக் ‘கிச், கிச்’ என்று, யந்திர வேகத்துக்குத் தக்கபடி விரைந்தும் தாழ்ந்தும் ஒலித்தால், கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்றோ, பெல்ட்டின் ஓர் இடம் பழுதுற்றது என்றோ கொள்ளலாம். திருகையில் மாவு அரைப்பதுபோல் கரகரத்தால் அது பெல்ட்டே அன்று. ஏதோ ஒரு பேரிங் தன் இறுதி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.

இனிக் கண்ணும் கையும் செய்யவேண்டிய சோதனை. யந்திரத்தை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வண்டி நன்கு ஆறியபின் தொடங்குங்கள். மின்விசிறி பொருத்திய சில வண்டிகளில், யந்திரம் அணைந்த பின்னரும் சூடு மிகுந்தால் விசிறி தானே சுழலும். ஆகையால் இந்த எச்சரிக்கை.

பெல்ட்டைத் திருப்பி, அதன் உட்புறத்தையும் பக்கங்களையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். குறுக்கு வெடிப்பு, பிரிந்த நூல், உதிர்ந்த துண்டு ஆகியவை கண்டால் வேறு ஆராய்ச்சி வேண்டுவதில்லை, பெல்ட்டை மாற்றவேண்டும். பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால், வழுக்கி வழுக்கிச் சூட்டில் அவை இறுகிவிட்டன என்று பொருள். சுற்றிலும் கருமையான ரப்பர்த் தூள் படிந்திருந்தால், பெல்ட் தேய்ந்துகொண்டிருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டு வயதான வண்டிகள் பலவற்றில் இருப்பது பல வரிகள் கொண்ட தட்டையான பெல்ட். இதன் ரப்பர் இ.பி.டி.எம். என்னும் வகையாயின், தேய்ந்தாலும் எளிதில் வெடிப்புக் காட்டாது. ‘வெடிப்பு இல்லையே’ என்று அதை நம்பிவிடக்கூடாது. வரிகளின் ஆழம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அத்தகைய வண்டிகள் பலவற்றில் விறைப்பைக் காக்க வில் பொருந்திய தனிக் கப்பி ஒன்று உண்டு; பெல்ட் புதிதாயிருந்தும் ஒலி நீங்காவிடில், அந்த வில் சோர்ந்திருக்கலாம்.

பெல்ட்டின் மேல் எண்ணெய்ப் பசை உளதா என்று விரலால் தடவிப் பாருங்கள். யந்திரத்தின் முன் ஸீலிலிருந்தோ, மேல்மூடியின் கேஸ்கட்டிலிருந்தோ எண்ணெய் கசியலாம். பம்பிலிருந்து தண்ணீரும் கூலன்ட்டும் கசியலாம். எண்ணெய் குடித்த ரப்பர் ஊதி மென்மையாகிவிடும், துடைத்தால் போதாது. முதலில் கசிவை அடைக்கவேண்டும். பின்னரே புதிய பெல்ட் போடவேண்டும். இந்த வரிசை மாறினால் புதிய பெல்ட்டும் பழையதன் வழியிலேயே போகும்.

அடுத்து விறைப்பு. இரண்டு கப்பிகளுக்கு இடையேயுள்ள மிக நீண்ட பகுதியின் நடுவில், பெருவிரலால் திடமாக அழுத்துங்கள். சுமார் பத்துக் கிலோ எடை வைத்தாற்போன்ற அழுத்தம் போதும். ஆப்பு வடிவ பெல்ட் உள்ள பழைய கார்களில், பொதுவாக 10 முதல் 13 மில்லிமீட்டர்வரை அது அமிழவேண்டும். ஏறக்குறைய அரை அங்குலம். சரியான அளவு ஒவ்வொரு வண்டிக்கும் சற்று வேறுபடும். கைப்புத்தகம் கூறுவதே பிரமாணம். அதிகம் அமிழ்ந்தால் தளர்ச்சி. கல்போல் நின்றால் அளவுக்கு மீறிய இறுக்கம். இரண்டும் தீமையே எனினும், தளர்ச்சி கூவி அறிவிக்கும். இறுக்கமோ மௌனமாகப் பேரிங்கைத் தின்னும்.

பிறகு ஒவ்வொரு கப்பியையும் கையால் பற்றி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சிறிதும் ஆடக்கூடாது. தண்ணீர்ப் பம்பின் அடித்துவாரத்தில் ஈரமோ துருக்கறையோ உளதா என்று பாருங்கள். நேரான அடிக்கோல் ஒன்றைக் கப்பிகளின் முகத்தில் வைத்து, அவை ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்றும் காணலாம். ஆல்டர்னேட்டரை மாற்றியபின் தொடங்கிய கிச்சொலிக்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது.

இவ்வளவுக்குப் பின்னும் ஐயம் தீரவில்லையாயின் தண்ணீர்ச் சோதனை ஒன்று உண்டு. இதற்கு யந்திரம் ஓடவேண்டும். ஆகவே பெரிதும் எச்சரிக்கை வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கைப் போடுங்கள். மேல்துண்டு, தளர்ந்த சட்டைக்கை, புடவைத் தலைப்பு, தொங்கும் சங்கிலி, விரித்த கூந்தல் எதுவும் அருகே நெருங்கலாகாது. குழந்தைகளைத் தொலைவில் நிறுத்துங்கள். யந்திரம் மெதுவாக ஓடி, ஒலி எழும்போது, சிறு தெளிப்பான் கொண்டு எட்ட நின்று பெல்ட்டின் உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளிக்கவேண்டும். ஒலி இன்னும் உரத்துக் கேட்டால், பெரும்பாலும் விறைப்புப் போதவில்லை. ஒலி உடனே மறைந்து, உலர்ந்ததும் திரும்பினால், கப்பிகளின் நேர்கோட்டையோ பெல்ட்டின் பரப்பையோ ஐயுறவேண்டும். ஒலி சிறிதும் மாறாவிடில் குற்றம் பேரிங்கில் இருக்கக்கூடும்.

அதை உறுதி செய்ய, குளிர்ந்த யந்திரத்தில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம். தண்ணீர்ப் பம்பு சுழலாத நிலை ஆதலால் நீடிக்கக்கூடாது. ஒலி மறைந்தால், குற்றம் பெல்ட்டிலோ அது சுழற்றும் உறுப்புகளிலோதான். யந்திரத்தை அணைத்தபின் ஒவ்வொரு கப்பியையும் விரலால் சுழற்றுங்கள். ஒழுங்காகச் சுழல்வது நல்லது. மணல் இருப்பதுபோல் நெறிநெறுப்பது குற்றவாளி. இந்தச் சோதனையைப் பழக்கமில்லாதவர் தம் கையால் செய்யவேண்டும் என்பதில்லை; மெக்கானிக்கிடம் செய்யச் சொல்லலாம். செய்யச் சொல்லத் தெரிந்திருப்பதே பெரிது.

பெல்ட்டில் எழுதியுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டியின் ஆண்டையும் வகையையும் சொல்லிப் புதியதை வாங்கவேண்டும். டில்லி காஷ்மீர் கேட்டிலும், கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்களைத் தேடிப் போவோர் பலர். அங்கே பழைய பெல்ட்டை மட்டும் நீட்டி ‘இதுபோல் ஒன்று’ என்று கேட்பது போதாது. பழையது தேய்ந்தும் நீண்டும் இருக்கும். அகலம் சற்றுக் குறைந்த பெல்ட், பள்ளத்தின் அடியைத் தொட்டுப் புதிதிலேயே வழுக்கும். மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றாமல், ஆல்டர்னேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்தி உட்புறம் தள்ளி, கையால் மாட்டி, பிறகு ஒரு மரத்துண்டால் அளவோடு வெளியே நகர்த்தி முடுக்கவேண்டும். புதிய பெல்ட் சில நாள் ஓட்டத்தில் சற்றுத் தளர்வது இயல்பு. ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை விறைப்பைப் பார்த்துவிடுவது முறை.

சோப்பு, மெழுகுவர்த்தி, கிரீஸ், பெல்ட்டுக்கென்று விற்கும் பூச்சு ஆகியவற்றைத் தேய்த்து ஒலியை அடக்குவார் உண்டு. இவற்றால் கிடைப்பது சில நாள் அமைதி. அந்த அமைதிக்குள் நோய் வளரும். மற்றொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். மாருதி 800 போன்ற வண்டிகளில், மூடிக்குள் மறைந்து யந்திரத்தின் உள்ளியக்கத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் பெல்ட் என்று வேறொன்று உண்டு. அம்பாஸடரின் பழைய பெட்ரோல் யந்திரத்தில் அவ்விடத்தில் இருப்பது சங்கிலி. டைமிங் பெல்ட் இவ்வாறு கூவி எச்சரிக்கும் என்று காத்திருக்கலாகாது. கைப்புத்தகம் சொல்லும் கிலோமீட்டர்க் கணக்கில் அதை மாற்றிவிடவேண்டும்.

இனி, வேற்று மொழி நாட்டில் வாழும் நமக்கே உரிய ஓர் இடர். நாம் மெக்கானிக்கிடம் போய், தெரிந்த ஹிந்தியில் ‘ஆவாஸ் ஆத்தீ ஹை’, சப்தம் வருகிறது, என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். சப்தம் போகவேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை என்று அவர் கொள்கிறார். சப்தத்தைப் போக்கியும் விடுகிறார். குற்றம் அவருடையது மட்டுமா? 1998-இல் நாம் செய்ததும் அதுவே. அதற்குப் பதிலாக, ‘சுபஹ் டண்டா இஞ்சன் ஸ்டார்ட் கர்னே பர் ஆவாஸ் ஆத்தீ ஹை’, அதாவது ‘காலையில் குளிர்ந்த யந்திரத்தை ஸ்டார்ட் செய்யும்போது சப்தம் வருகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவரின் முகமே மாறும். அதோடு இன்னொரு வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘டைட் கர்னே ஸே பஹ்லே பேரிங் தேக் லீஜியே.’ இறுக்குவதற்குமுன் பேரிங்கைப் பார்த்துவிடுங்கள் என்பது இதன் பொருள். இந்த ஒரு வாக்கியம் அன்று நமக்குத் தெரிந்திருந்தால், தாயாருக்கு மரநிழலில் அந்த அரைநாள் வாய்த்திராது.

எவ்வளவு பேணினும் பெல்ட் வழியில் அறுவதுண்டு. அப்போது கருவிப் பலகையில் பாட்டரிச் சின்னமுள்ள சிவப்பு விளக்கு எரியும். சற்று நேரத்தில் சூட்டு முள் ஏறும். ‘இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டக்கூடாது. தண்ணீர்ப் பம்பு நின்றபின் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் எரிந்து, ஸிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிடலாம். பெல்ட்டின் விலை எங்கே, அந்தச் செலவு எங்கே! மின்விசிறி உள்ள வண்டியில், விசிறி சுற்றுவதைக் கண்டு ஏமாறவும் கூடாது. தண்ணீர் ஓடாதபோது விசிறி மட்டும் என்ன செய்யும்? உடனே ஓரத்தில் நிறுத்தி, அணைத்து, ஆறவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பது கொதிநீரை முகத்தில் வாரி இறைத்துக்கொள்வதற்கு ஒப்பு. நெடும்பயணம் புறப்படும்போது, சரியான அளவுள்ள உபரி பெல்ட் ஒன்றும், அதற்கு வேண்டிய ஸ்பானர்களும் டிக்கியில் இருக்கட்டும். பெல்ட் நம்மிடம் இருந்தால், மாட்டிக் கொடுக்க எந்த ஊரிலும் ஒரு கை கிடைக்கும்.

நேயர்களே, பழைய வீட்டில் கதவு முனகுவதையும், முதியவர் எழும்போது ‘அம்மா’ என்பதையும் நாம் இயல்பு என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். பழைய காரின் குரலையும் அவ்வாறே கேட்டுப் பழகிவிடுகிறோம். பழகிய குரலுக்குள்ளேயே செய்தி இருக்கிறது. அடுத்த முறை விடியற்காலையில் அந்தக் கீச்சொலி எழும்போது, ஜன்னலைத் திறக்கும் அண்டை வீட்டாரை நினைத்து நாணவேண்டாம். எப்போது எழுந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எந்தச் சுமையில் உயர்ந்தது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தோடு மெக்கானிக்கிடம் செல்லுங்கள். ஊருக்குப் புறப்படும் நாளுக்கு முந்தின மாலையில் அன்று. இரண்டு வாரம் முன்னதாகவே செல்லுங்கள்.